விசாரணைக் கைதிகளுக்கு மாணவர்கள் என்ன செய்ய முடியும்?

இந்தியச் சிறைகளில் இருக்கும் நான்கு பேரில் மூன்று பேரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக்கான சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் 1,330 சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூறு பேருக்குக் கட்டிய இடத்தில் 131 பேர். தலித்துகள், பழங்குடியினர், இஸ்லாமியர் ஆகியோரின் பங்கு மக்கள்தொகையில் இருப்பதைவிடச் சிறைக்குள் கூடுதலாக இருப்பதை இந்த அறிக்கைகளில் ஆண்டுதோறும் காணலாம்.

இந்த நிலையை மாற்றுவதில் கல்லூரி மாணவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. வேலை நிறையவே இருக்கிறது. ஆனால், கல்லூரிகள் இன்று சட்டத்தொண்டு என்று கணக்கில் வைப்பவற்றில் பெரும்பகுதி சிறைக்குள் இருப்பவரை எட்டுவதில்லை. எட்டக்கூடிய வேலை வேறு. ஒரு கைதியின் கோப்பைக் கையில் எடுத்து, அவர் வெளியே வரும்வரை அல்லது வழக்கு முடியும்வரை அதை விடாமல் தொடர்வதே அந்த வேலை.

இதற்கு உலகம் அறிந்த முன்னோடி ஒன்று உண்டு. 1961இல் நியூயார்க்கில் லூயிஸ் ஷ்வைட்சர் என்ற தொழிலதிபர், ஜாமீன் தொகை கட்ட வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக இளைஞர்கள் மாதக்கணக்கில் சிறையில் கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஹெர்ப் ஸ்டர்ஸ் என்பவருடன் சேர்ந்து வேரா அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர்கள் நடத்திய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தில் களத்தில் நின்றவர்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள். கைதானவர் நீதிபதி முன் நிறுத்தப்படுவதற்கு முன்பே மாணவர் ஒரு வினாத்தாளுடன் அவரைச் சந்திப்பார். இந்த ஊரில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள், வீட்டில் யார் யார், எங்கே வேலை, முன்பு வழக்கு எதுவும் உண்டா என்று கேட்பார். சொன்னதை வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் தொலைபேசி செய்து சரிபார்ப்பார். பதில்களுக்கு மதிப்பெண் உண்டு. போதிய மதிப்பெண் வந்தால், பணம் கேட்காமல் இவரை விடலாம் என்ற பரிந்துரை நீதிபதிக்குப் போகும். அப்படி விடப்பட்டவர்களில் வாய்தாவுக்கு வராமல் போனவர்கள் முதல் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1966இல் அமெரிக்காவின் கூட்டாட்சி ஜாமீன் சீர்திருத்தச் சட்டம் வருவதற்கு இந்த அனுபவம் பெரிய காரணமாக அமைந்தது.

மாணவர்கள் அங்கே வாதாடவில்லை, சட்டம் போதிக்கவும் இல்லை. நீதிபதியிடம் இல்லாத தகவலைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார்கள். நம் நீதிமன்றங்களில் இன்றும் குறைவாக இருப்பது அந்தத் தகவல்தான்.

அந்த அனுபவம் நம் சட்டத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விசாரணை இல்லாமல் கிடந்தவர்களைப் பற்றிக் காவல்துறை அதிகாரியாக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். அதை வைத்து வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் வந்த ஹுசைனாரா காதூன் வழக்கின் தீர்ப்பில், பணமில்லாமல் விட்டாலும் மக்கள் விசாரணைக்கு வருகிறார்கள் என்பதற்குச் சான்றாக மன்ஹாட்டன் திட்டத்தின் அனுபவம் இடம்பெற்றிருக்கிறது. ஊரில் வேர் உள்ளவரைச் சொந்த ஜாமீனில் விடலாம் என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். விரைவான விசாரணை அரசியல் சாசன உரிமை என்பதும் அந்த வழக்கில்தான் நிலைநாட்டப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டில் மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகும், கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அவருடைய சகோதரர் வந்து நின்றபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. இதைக் கண்டித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பஸ்தாரிலோ போர்ட் பிளேரிலோ ஒரு தமிழனோ மலையாளியோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்டார். இன்று திருப்பூரிலும் கோவையிலும் கைதாகும் பீகார், ஒடிசா தொழிலாளிக்கும் அதே கேள்விதான்.

மாணவர்களுக்கு இதில் இடம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கிருஷ்ணய்யர் தலைமையிலான குழுவின் 1973 அறிக்கையும், பகவதியும் அவரும் சேர்ந்து அளித்த 1977 அறிக்கையும் சட்டக் கல்லூரிகளை இலவச சட்ட உதவியின் ஓர் உறுப்பாகப் பார்த்தன. 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், காவலில் உள்ள ஒவ்வொருவருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்களை வளர்ப்பதைத் தேசிய ஆணைக்குழுவின் கடமைகளில் ஒன்றாகவும் அது வைத்திருக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் இறுதியாண்டு மாணவர்களைக் கொண்டு சட்ட உதவி மையம் நடத்தியே ஆக வேண்டும் என்கின்றன. 2009இல் தொடங்கிய சட்டத் தன்னார்வலர் திட்டத்தில் சட்டம் படிப்பவர்கள் மட்டுமல்ல, மற்ற மாணவர்களும் சேரலாம்.

அப்படியிருந்தும் நடப்பது என்ன? பல கல்லூரிகளில் சட்ட உதவி மையம் என்றால் ஆண்டுக்குச் சில விழிப்புணர்வு முகாம்கள். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பந்தல், அடிப்படை உரிமைகள் பற்றி ஓர் உரை, துண்டறிக்கை, குழுப்படம், அறிக்கை. முகாம் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெண்கள், தொழிலாளர்கள், முதியோர் தொடர்பான சட்டங்களுக்கு அதில் பயன் உண்டு. ஆனால் சிறைச் சீர்திருத்தத்துக்கு அதனால் ஆகக்கூடியது மிகக் குறைவு. தனக்கு ஜாமீன் உரிமை இருக்கிறது என்பது உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியும். தன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, வக்கீல் யார், அடுத்த வாய்தா எப்போது, வீட்டில் யாருக்காவது விஷயம் தெரியுமா என்பதுதான் தெரியாது. காவல் நீட்டிப்பு காணொலி வழியே நடக்கத் தொடங்கிய பிறகு, நீதிமன்ற வராந்தாவில் வக்கீலையும் வீட்டாரையும் ஒரு நிமிடம் பார்த்துப் பேசும் வாய்ப்பும் பலருக்குப் போய்விட்டது.

மாணவரின் உழைப்பு நேரடியாகப் பலன் தரும் இடங்கள் இந்த இருட்டில்தான் இருக்கின்றன. முதலில் நாள் கணக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, அதிகபட்ச தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும் என்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. சட்டம் வருவதற்கு முன்பு பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில் தெளிவுபடுத்தியது. காலம் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது.

சாதாரணத் திருட்டு வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிகபட்ச தண்டனை மூன்று ஆண்டு. முதல்முறை சிக்கியவர் ஓராண்டு உள்ளே இருந்துவிட்டால் அவர் பெயர் ஜாமீனுக்குத் தகுதியானவர்களின் பட்டியலுக்கு வர வேண்டும். ஆனால் முதல் தகவல் அறிக்கையில் ஒரு பிரிவு, குற்றப்பத்திரிகையில் வேறு பிரிவு என்று இருப்பது நம் ஊரில் அன்றாடம். பிரிவு மாறினால் அதிகபட்ச தண்டனையும் மாறும், பட்டியலில் இடமும் மாறும். சிறைப் பதிவேட்டில் பழைய பிரிவே நின்றுவிட்டால் அவருக்குத் தகுதி இருப்பது யார் கண்ணிலும் படாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. அந்த இன்னொரு வழக்கு எப்போதோ முடிந்துபோயிருக்கலாம். பதிவேட்டில் முடியாமல் இருக்கலாம். மின்நீதிமன்றத் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்து, பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டு, முரண்பாட்டைக் குறித்துக் கொடுப்பதற்குச் சட்ட மேதை தேவையில்லை. பொறுமையுள்ள மூன்றாம் ஆண்டு மாணவர் போதும். மாவட்ட நீதிபதி தலைமையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் கூடும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவின் முன் சரியான பட்டியல் போக வேண்டுமானால், யாராவது ஒருவர் இந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

அடுத்தது குற்றப்பத்திரிகைக்கான கெடு. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதிக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். ஆனால் அது தானாகக் கைக்கு வராது. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆவதற்குள் கேட்டுவிட வேண்டும். ரிமாண்ட் தேதிகளை ஒரு நாட்காட்டியில் குறித்து, கெடு நெருங்கும் நாளில் சட்ட உதவி வழக்கறிஞரை அழைத்து நினைவூட்டும் ஒரு மாணவர் குழு, எந்த உரையும் செய்ய முடியாததைச் செய்துவிடும்.

மிகவும் வேதனையானது, ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர முடியாமல் இருப்பவர்களின் நிலை. தமிழ்நாட்டில் ஜாமீன் உத்தரவுகளில் இரண்டு ஜாமீன்தாரர்கள் கேட்பதும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது அல்லது சம்பளச் சான்று, புகைப்படம் எல்லாம் வேண்டும். அண்ணன் கூலிவேலையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறார். ரேஷன் கார்டில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் வேறொன்று. அன்றைக்கு ஏற்கவில்லை. மறுபடி வர இன்னொரு நாள் கூலி போக வேண்டும். இரண்டாவது ஜாமீன்தாரர் இதற்குள் பின்வாங்கிவிடுவார். இப்படியே வாரங்கள் ஓடும். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென்றே உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தன்னார்வலரையோ சிறைக்குச் செல்லும் வழக்கறிஞரையோ அனுப்பிக் காரணம் அறிய வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்கப்படவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அதே ஆண்டில் ஒன்றிய அரசு அறிவித்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தில், விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகை கிடைக்க வழி இருக்கிறது.

உத்தரவும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. இரண்டையும் கைதியோடு சேர்க்கும் ஆள்தான் இல்லை. அண்ணனை முன்கூட்டியே போனில் பிடித்து, என்னென்ன தாள் வேண்டும், பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லி, முடியாத நிலையில் நிபந்தனைத் தளர்வு மனுவின் வரைவை எழுதி வழக்கறிஞரின் கையெழுத்துக்குக் கொடுக்கும் வேலையை இளங்கலைச் சட்ட மாணவர் தாராளமாகச் செய்யலாம்.

இது சட்ட மாணவர்களின் வேலை மட்டும்தானா என்றால் இல்லை. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத் திட்டமான பிரயாஸ் 1990 முதல் சிறைகளில் இயங்குகிறது. சமூகப்பணி படித்தவர்கள் கைதிக்கும் குடும்பத்துக்கும் வக்கீலுக்கும் நடுவே நின்று என்ன செய்ய முடியும் என்பதற்கு நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு அது. கணவன் சிறையில், மனைவிக்கு வீட்டு வாடகை கொடுக்க வழியில்லை, பிள்ளையின் பள்ளி நின்றுவிட்டது என்பதெல்லாம் வழக்குக் கோப்பில் வராது. ஆனால் அவர் வெளியே வந்த பிறகு நிலைத்து வாழ்வாரா, திரும்பவும் உள்ளே போவாரா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற நிறுவனங்களிலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் குற்றவியல் துறைகளிலும் படிப்பவர்களுக்குக் களப்பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு பகுதியை நன்னடத்தை அலுவலர்களுக்குத் துணையாகத் திருப்பலாம். 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ், 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் அவருடைய சூழல் பற்றிய அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. அலுவலர் ஒருவர் பல நீதிமன்றங்களுக்கு ஓட வேண்டிய நிலையில் அந்த அறிக்கை ஆழமாக இருக்க வழியில்லை. ஊருக்குப் போய், வீட்டாரிடம் பேசி, பள்ளியில் விசாரித்து விவரம் திரட்டித் தர மாணவரால் முடியும்.

இந்தியும் வங்காளமும் ஒடியாவும் தெரிந்த மாணவர்களுக்கு நம் தொழில் நகரங்களில் இருக்கும் தேவை தனி. மொழி தெரியாத சிறையில், எந்த வழக்கில் உள்ளே இருக்கிறோம் என்பதே புரியாமல் இருப்பவருக்கு முதல் உதவி, அவர் மொழியில் பேசும் ஒருவர்தான்.

சிறைக்குள் பாடம் சொல்லிக் கொடுப்பது, தேர்வுக்குத் தயார் செய்வது, நூலகம் அமைப்பது ஆகியவை பழகிய வழிகள். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு வைத்துச் சிறை நூலகங்களுக்குப் புத்தகக் கொடை பெற்றது பலருக்கு நினைவிருக்கும். நல்ல முயற்சி. பாதிக்கப்பட்டவர்கள் பக்கமும் வேலை உண்டு. இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வழி தெரியாத குடும்பங்களுக்குத் துணை நிற்பதும் குற்றவியல் நீதிச் சீர்திருத்தமே.

ஆய்வும் தொண்டுதான். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய மரண தண்டனை ஆய்வுக்காக மாணவர்கள் சிறை சிறையாகச் சென்றார்கள். கைதிகளின் குடும்பங்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். மரண தண்டனை பெற்றிருந்த 385 பேரில் 373 பேரின் நேர்காணல்களை வைத்து 2016இல் வந்த அறிக்கை, அவர்களில் நான்கில் மூன்று பேர் வறுமையில் உழல்பவர்கள் என்று காட்டியது. அதுவரை ஊகமாகப் பேசப்பட்டதற்கு முதன்முறையாக ஆதாரம் கிடைத்தது. இந்த அளவு பெரிய ஆய்வுதான் வேண்டும் என்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், மாவட்டத்தின் மறுஆய்வுக் குழு ஓராண்டில் எத்தனை முறை கூடியது, எத்தனை பேரைப் பரிந்துரைத்தது, எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரத்தில் வர வேண்டும் என்பது பலரும் பயன்படுத்தாத விதி.

சிறைகளில் சாதி பார்த்து வேலையும் இடமும் பிரிப்பதை 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருப்பதும் அந்த வழக்கின் மனுவில் சொல்லப்பட்டிருந்தது. ஒரு பத்திரிகையாளர் ஆண்டுக்கணக்கில் சேகரித்த தகவலில் பிறந்த வழக்கு அது. தீர்ப்பு நடைமுறையில் இருக்கிறதா என்று மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் பார்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஆய்வுகளுடன் போய்ப் பதிவு செய்யும் பொறுப்பை மாணவர்கள் கேட்டு வாங்கலாம்.

ஆர்வம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக இதழியல் மாணவர்கள், மரண தண்டனைக்கு இரண்டே நாள் இருக்கையில் நிறுத்திவைக்கப்பட்ட அந்தோணி போர்ட்டரின் வழக்கைத் தோண்டினார்கள். 1999இல் அவர் விடுதலையானார். இல்லினாய் மாநிலத்தில் மரண தண்டனை ஒழிப்புக்கே அது வித்திட்டது. ஆனால் அந்தக் கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டு சிறைக்குப் போன இன்னொருவரை, அந்த வாக்குமூலம் பெறப்பட்ட விதம் நம்பத்தகாதது என்று அரசுத் தரப்பே 2014இல் விடுவிக்க நேர்ந்தது. வாக்குமூலத்தைப் பெற்றவர், அந்த மாணவர்களின் பேராசிரியருடன் வேலை செய்த தனியார் துப்பறிவாளர். ஒருவரை மீட்கும் வேகத்தில் இன்னொருவருக்கு என்ன செய்கிறோம் என்று கேட்க ஆளில்லாமல் போனால் இப்படித்தான் முடியும்.

நம் ஊர் மாணவருக்கு இதிலிருந்து கிடைக்கும் ஒழுங்கு எளிமையானது. குற்றம் செய்தாயா என்று கைதியிடம் கேட்கக் கூடாது. அவர் சொன்னதை விடுதி அறையில்கூடப் பேசக் கூடாது. ஜாமீன் வாங்கித் தருகிறேன் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. சட்டப்படி வாதாடும் உரிமை பதிவு பெற்ற வழக்கறிஞருக்கே உண்டு. ஆகவே ஒவ்வொரு தாளும் ஒரு வழக்கறிஞரின் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பாதியில் விட்டுவிட்டுப் போவது. பருவத் தேர்வு வந்ததும் மாணவர் காணாமல் போய்விடுகிறார். தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று நம்பிய கைதி அடுத்த மாதம் பார்வையாளர் சந்திப்பு இடத்தில் காத்திருக்கிறார். இதற்கு மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோப்பை அடுத்த ஆண்டு மாணவரிடம் எழுத்தில் ஒப்படைக்கும் ஏற்பாட்டையும், அதை மேற்பார்க்கும் ஆசிரியருக்குப் பாடவேளைக் குறைப்பையும், மாணவருக்கு உரிய மதிப்பெண்ணையும் கல்லூரிதான் கொடுக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாத இடத்தில் சட்ட உதவி மையம் பெயர்ப்பலகையாகவே நிற்கும்.

சட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும் சமூகப்பணித் துறைத் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. வரும் கல்வியாண்டின் அறிக்கையில் நடத்திய முகாம்களின் எண்ணிக்கையை எழுதும் இடத்தில், எத்தனை கைதிகளின் கோப்பை எடுத்தோம், எத்தனை பேர் வெளியே வந்தார்கள், மீதிப் பேரின் வழக்கு எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. கல்லூரியின் கடிதத்தோடு செயலாளரைப் போய்ப் பாருங்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாள் தாண்டியும் உள்ளே இருப்பவர்களின் பட்டியலைக் கேளுங்கள். முதல் பெயரிலிருந்து தொடங்குங்கள்.